இரு விரல் வித்துவான்

சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு எங்கள் விடுதியில் மின்சாரம் நின்றுபோயிற்று. படிக்க வழியில்லை, வடநாட்டுக் குளிருக்குப் பயந்து வெளியே போகவும் மனமில்லை. அடுத்த அறையில் ஷில்லாங்கிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இருக்கிறார், கிதார் வாசிப்பவர். அவருடைய அறையில் நாங்கள் நாலைந்து பேர் போர்வைக்குள் முடங்கி உட்கார்ந்திருந்தோம். கைப்பேசியில் அவர் ஒரு பழைய இசைத்தட்டை ஒலிக்கவிட்டார். மொத்தம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் இருக்கும். சில கிதார்கள், ஒரு பிடில், அடியில் ஆள் உயரப் பாஸ் பிடில் ஒன்று. மேளம் இல்லை, ஆனாலும் தாளம் காலைத் தானாக ஆட்டிவைத்தது. எல்லாரும் சேர்ந்து சிறு மெட்டொன்றைச் சொல்லி நிறுத்தியதும் ஒரு கிதார் மட்டும் தனியே புறப்பட்டது. ஓட்டுக் கூரையில் திடீரென்று கல்மழை விழுந்தாற்போல் சுரங்கள் விழுந்தன. அது ஓய்ந்ததும் பிடில் எடுத்துக்கொண்டது.

கிதார் வாசிப்பவர் இடக்கையில் இரண்டே விரல்களால் வாசிக்கிறார் என்று நண்பர் சொன்னதும் மற்றவர்கள் வியந்தார்கள். எனக்கு வியப்புத் தோன்றவில்லை. என் அம்மா வீணை வாசிப்பவர். வீணையில் இடக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தானே மெட்டுகளின்மேல் ஓடுகின்றன? இரண்டு விரல் போதாதா என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அந்த இரண்டு விரலின் கதையைத் தேடிப் படித்தேன். படித்து முடித்த பின்புதான் வியப்பு வந்தது. வியப்போடு மனத்தை உறுத்தும் வேறொன்றும் வந்தது. இரண்டையும் நம் மன்றத்து நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வண்டியில் பிறந்தவர்

அவர் பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1910ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் பெல்ஜிய நாட்டில் லிபெர்ஷி என்னும் சிற்றூரின் அருகே, நாடோடிக் கூட்டமொன்று தங்கியிருந்த இடத்தில், வீட்டு வண்டி ஒன்றில் பிறந்தார். பதிவேட்டில் எழுதப்பட்ட பெயர் ழான். ஜாங்கோ என்பது வீட்டார் அழைத்த பெயர். நான் விழித்தெழுகிறேன் என்று அவர்கள் மொழியில் அதற்குப் பொருள் என்பர்.

அவர்கள் மொழி எது? இங்கேதான் நம்மைத் தொடும் செய்தி ஒன்று இருக்கிறது. ஜாங்கோ பிறந்த கூட்டத்தாருக்கு மனூஷ் என்று பெயர். ஐரோப்பாவெங்கும் பரவியிருக்கும் ரோமா மக்களில் அவர்கள் ஒரு பிரிவினர். அம்மக்களின் முன்னோர் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடபகுதியிலிருந்து மேற்கே போனவர்கள். மொழியறிஞர்கள் இதை முதலில் அறிந்துகொண்டது அவர்களுடைய பேச்சிலிருந்துதான். மனூஷ் என்றால் மனிதன். நாம் மனுஷன் என்கிறோமே, அந்த வடசொல்லேதான் அது. நமக்கு ஒரு வழியில் வந்தது. அவர்களோடு வேறு வழியில் நடந்தே போயிற்று. இந்த ஊர் ரயிலடியில் நான் இறங்கிய அன்று கற்றுக்கொண்ட முதல் ஹிந்திச் சொல் பானி. பாரிஸ் நகரின் ஓரத்தில் வண்டிக்குள் இருந்த ஜாங்கோவின் தாயும் தண்ணீரைப் பானி என்றுதான் சொல்லியிருப்பாள்.

தாயோடும் தம்பி ஜோசப்போடும் சிறுவன் ஜாங்கோ பல இடங்களில் அலைந்து, பாரிஸ் நகரின் பழைய கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்த வெற்றுநிலத்தில் வந்து தங்கினான். நகரத்தார் குப்பை கொட்டும் இடம் அது. ஏழைகளும் நாடோடிகளும் குடிசை போட்டும் வண்டி நிறுத்தியும் வாழ்ந்த இடம். பள்ளிக்கூடம் போகவில்லை. எழுத்து அறியவில்லை. பன்னிரண்டு வயதில் யாரோ ஒருவர் கொடுத்த பாஞ்சோ-கிதார் ஒன்று கையில் கிடைத்தது. பெரியவர்கள் வாசிக்கும்போது அவர்கள் விரல்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டான். சில மாதங்களில் பாரிஸ் நடனக் கூடங்களில் அக்கார்டியன் வாசிப்பவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துக் காசு கொண்டுவந்தான். 1928இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. தன் பெயரையே எழுதத் தெரியாத அந்த இளைஞரின் பெயரை அச்சிட்டவர்களும் தப்பாகவே அச்சிட்டார்கள்.

பிரெஞ்சு அரசு அம்மக்களை வேறு விதமாக எழுதிவைத்துக்கொண்டது. ஜாங்கோவுக்கு இரண்டு வயதாயிருந்தபோது, 1912இல், நாடோடிகளுக்கென்று ஒரு சட்டம் பிறந்தது. ஊர்விட்டு ஊர் செல்லும் நாடோடி ஒவ்வொருவரும் ஓர் அடையாளப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் அதைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். அதில் கைரேகையும் நிழற்படமும் இருக்கும். உடல் அளவுகளும் இருக்கும். உயரம், தலையின் நீள அகலம், வலக்காது, இடப்பாதம், இடக்கையின் நடுவிரல், இடக்கையின் சுண்டுவிரல் என்று அளந்து எழுதுவார்கள். குற்றவாளிகளை அடையாளம் காணப் போலீசார் வகுத்த முறை அது. குற்றம் எதுவும் செய்யாத ஒரு மக்கட்கூட்டத்தின் விரல்களை ஓர் அரசு நூலால் அளந்து ஏட்டில் பதிந்துகொண்டது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இரவில் ஒரு தீ

1928ஆம் ஆண்டு இலையுதிர்காலம். ஜாங்கோவுக்கு வயது பதினெட்டு, மணமாகியிருந்தது. ஜாக் ஹில்டன் என்னும் புகழ்பெற்ற ஆங்கில இசைக்குழுத் தலைவர் பாரிஸுக்கு வந்து அவர் வாசிப்பைக் கேட்டுத் தம் குழுவில் சேர அழைத்திருந்தார். வாழ்வு திறந்துகொண்ட நேரம்.

அந்நாட்களில் ஓர் இரவு கச்சேரி முடிந்து வண்டிக்குத் திரும்பினார். மறுநாள் விற்பதற்காக மனைவி செய்து குவித்திருந்த செயற்கைப் பூக்கள் வண்டி நிறைய இருந்தன. ஏதோ சலசலப்புக் கேட்டது. எலியாயிருக்கும் என்று மெழுகுவத்தியை ஏற்றிக் குனிந்து பார்த்தார். எரியும் திரி பூக்களின்மேல் விழுந்தது.

பூக்கள் காகிதமல்ல, செல்லுலாய்டு. ரசாயனம் படிக்கிறவன் என்பதால் இந்த இடத்தில் நான் சற்று நின்றுவிட்டேன். பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் பக்குவம் செய்து, கற்பூரம் சேர்த்துப் பிசைந்தால் வருவது செல்லுலாய்டு. ஆம், நாம் கோயிலில் ஏற்றுகிற அதே கற்பூரந்தான். சாதாரண மரமோ துணியோ எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். செல்லுலாய்டு அதில் ஒரு பகுதியைத் தன் மூலக்கூற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே அது எரிவதில்லை, பாய்கிறது. பழைய சினிமாப் படச்சுருள்கள் கொட்டகையோடு சேர்ந்து எரிந்த கதைகளுக்கெல்லாம் இதுவே காரணம். வண்டி நிறைய அந்தப் பூக்கள் இருந்தால் வெளியே ஓட எத்தனை விநாடி கிடைக்கும்?

மனைவி தப்பினார். ஜாங்கோ போர்வையால் தம்மை மறைத்துக்கொண்டு நெருப்பின் நடுவே வெளிவந்தார். வலக்கால் வெந்துபோயிற்று. போர்வையைப் பிடித்திருந்த இடக்கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் கருகின. காலை வெட்டிவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அவர் இணங்கவில்லை. கால் பிழைத்தது. கை மட்டும் பழைய கையாகவில்லை. தீப்புண் ஆறும்போது தசைநார்கள் சுருங்கும். இரண்டு விரல்களும் உள்ளங்கையை நோக்கி வளைந்து நின்றுவிட்டன. அரசு அளந்து எழுதும் இடக்கை விரல்கள் இரண்டில், சுண்டுவிரல் போயிற்று, நடுவிரல் எஞ்சியது.

இரண்டு விரலின் கணக்கு

ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு படுக்கையும் சிகிச்சையுமாகக் கழிந்தது. தம்பி ஜோசப் ஒரு கிதாரைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ படுக்கையில் இருந்தபடியே தொடக்கத்திலிருந்து கற்கலானார்.

அவர் என்ன செய்தார் என்பது விளங்க வேண்டுமானால் கிதாரின் அமைப்பைச் சற்று அறிய வேண்டும். கிதாரில் ஆறு தந்திகள். நான்கு விரல் உள்ளவர் கையை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, விரலுக்கு ஒரு மெட்டு என்று பங்கிட்டு, தந்திக்குத் தந்தி தாவி வாசிப்பார். கை நகரவேண்டிய தேவை குறைவு. இரண்டு விரலுக்கு அந்தப் பங்கீடு சரிப்படாது. ஆகவே ஜாங்கோ தந்தியின் குறுக்கே போவதை விட்டுத் தந்தியின் நீளத்தோடு ஓடினார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு கழுத்தின் அடியிலிருந்து நுனிவரை ஏறி இறங்கின. வீணையில் நாம் பார்க்கும் ஓட்டம் இதற்கு உறவு. வளைந்த விரல்கள் இரண்டையும் அவர் முற்றிலும் விட்டுவிடவில்லை. பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளில், கடைசித் தந்திகளை அழுத்த அவற்றைப் பயன்படுத்தினார். வலக்கையில் ஆமையோட்டாலான தடித்த வில்லை. அதைக் கொண்டு இரைச்சல் மிகுந்த கூடத்திலும் கேட்கும்படி தந்தியைத் தட்டினார்.

குறை இருந்ததனால்தான் மேதையானார் என்று சிலர் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. தீக்கு முன்பே அவரைத் தேடி ஆள் வந்துவிட்டதே! தீ அவருக்கு எதையும் கொடுக்கவில்லை, பறித்துக்கொண்டது. பறித்தது போக மீந்ததைக் கொண்டு அவர் கணக்கை மறுபடி போட்டார் என்பதே சரி.

1931 வாக்கில் தென் பிரான்சின் தூலோன் நகரில் எமில் சாவித்ரி என்னும் ஓவியர் தம்மிடமிருந்த அமெரிக்க இசைத்தட்டுகளை அவருக்குப் போட்டுக் காட்டினார். லூயி ஆம்ஸ்ட்ராங் என்னும் நீக்ரோ மேதையின் ஊதுகுழலை ஜாங்கோ கேட்டது அப்போதுதான். கேட்டவர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு அழுதார் என்பர். தாம் போக வேண்டிய வழி எது என்பது அன்று தெரிந்துவிட்டது. அந்த வழியின் பெயர் ஜாஸ்.

ஐந்து தந்தி வாத்தியங்கள்

ஜாஸ் அமெரிக்கக் கறுப்பு மக்கள் படைத்த சங்கீதம். அதன் உயிர் நம் வித்துவான்கள் மனோதர்மம் என்று சொல்வதில் இருக்கிறது. ஆனால் முறை வேறு. நம் பாடகர் கற்பனைச் சுரம் பாடும்போது அவரைக் கட்டுவது ராகமும் தாளமும். எத்தனை தூரம் போனாலும் எடுப்பில் வந்து சேர வேண்டும். ஜாஸ் வித்துவானைக் கட்டுவது சுரக்கூட்டுகளின் வரிசை. ஒரு பாட்டுக்குப் பெரும்பாலும் 32 ஆவர்த்தனம். ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் அடியில் கூட்டு மாறும். அந்த வரிசை சக்கரம்போல் திரும்பத் திரும்பச் சுற்றும். மேலே வாசிப்பவர் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய மெட்டொன்றை அந்த நொடியிலேயே கட்ட வேண்டும். எழுதி வைத்துக்கொள்வதில்லை, நேற்று வாசித்ததை இன்று வாசிப்பதுமில்லை.

அக்காலத்து ஜாஸ் குழு என்றால் ஊதுகுழல்களும், சாக்ஸபோன்களும், பியானோவும், பெரிய மேளக்கட்டும் இருக்கும். அவற்றின் நடுவே கிதாரின் குரல் எடுபடாது. 1934இல் ஜாங்கோ பாரிஸில் கிளாரிட்ஜ் ஹோட்டலின் நடனக் குழுவில் வேலை பார்த்தார். லூயி வோலா என்பவரின் குழு அது. அதில் ஸ்டெபான் கிராப்பெல்லி என்னும் பிடில் வித்துவானும் இருந்தார். அவர் ஜாங்கோவைவிட இரண்டு வயது மூத்தவர். தாயை இளமையிலேயே இழந்து, அநாதை விடுதியில் பசியோடு வளர்ந்து, பெரும்பாலும் தாமே பிடில் கற்று, பேசாப் படக் கொட்டகையில் வாசித்துப் பிழைத்தவர். இடைவேளையில் ஒருநாள் கிராப்பெல்லி அறுந்த தந்தியை மாற்றிச் சுருதி கூட்டிக்கொண்டே ஏதோ ஓர் அடியை வாசித்தார். திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஜாங்கோ அதைக் கிதாரில் திருப்பிச் சொன்னார். அவர் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, விளையாட்டு வளர்ந்தது. தாளத்துக்கு இன்னொரு கிதாரும் சேர்ந்தது. வோலா பாஸ் பிடிலை எடுத்துவந்தார். அதன் பிறகு ஒவ்வோர் இடைவேளையிலும் இதுவே அவர்களுக்கு வேலையாயிற்று.

விருந்தினருக்கு வாசித்தது சம்பளத்துக்கு. திரைக்குப் பின்னால் வாசித்தது தங்களுக்கு. சரித்திரத்தில் நின்றது எது என்று சொல்லவும் வேண்டுமோ?

பாரிஸில் அப்போது ஹாட் கிளப் என்று ஜாஸ் ரசிகர்களின் சங்கம் ஒன்று இருந்தது. மாணவர்களும் இளைஞர்களும் நடத்திய சங்கம். பியேர் நூரி, ஷார்ல் தெலோனே போன்ற அதன் உறுப்பினர் இக்குழுவைத் தங்கள் சங்கத்தின் பெயரால் மேடையேற்றினர். பிடிலுக்குக் கிராப்பெல்லி, முன்கிதாருக்கு ஜாங்கோ, பின்கிதார்களுக்கு ஜோசப்பும் ரோழே ஷாப்பூவும், பாஸுக்கு வோலா என்று ஐவர் குழு அமைந்தது. 1934 டிசம்பர் மாதத்தில் கச்சேரியும் நடந்தது, முதல் இசைத்தட்டுகளும் பதிவாயின. முழுதும் தந்தி வாத்தியங்களால் ஆன ஜாஸ் குழுவை அதுவரை ஐரோப்பா கண்டதில்லை. நம் மன்றத்தைப் போன்ற ஒரு மாணவர் கூட்டம் நாற்காலி சுமந்து, சீட்டு விற்று இதை நடத்திவைத்தது என்று எண்ணும்போது எனக்கு ஒரு பெருமை தோன்றுகிறது.

இந்தக் குழுவுக்கு இரண்டு கிதார் போதாமல் மூன்று வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. கிராப்பெல்லி வாசிக்கும்போது பின்னால் இரண்டு கிதார் துணை நிற்கிறது. தாம் வாசிக்கும்போது ஒன்றுதானே நிற்கிறது என்று ஜாங்கோ குறைப்பட்டார். அதனால் இன்னொரு கிதார் சேர்ந்தது. குழந்தைப் பிடிவாதந்தான், ஆனால் குழுவின் இசைக்கே அது ஆதாரமாயிற்று. மேளத்தின் வேலையை அந்தப் பின்கிதார்கள் இரண்டும் ஏற்றன. நான்கு அடிகளில் இரண்டாவதையும் நான்காவதையும் வெட்டி நிறுத்தி, தண்ணீர் இறைக்கும் பம்பு போல ஓயாமல் இறைத்துக் கொடுத்தன. பிரெஞ்சுக்காரர் அந்த வாசிப்புக்குப் பம்பு என்றே பெயரிட்டனர். மேளம் இருந்தால் பிடிலின் மென்மை அமுங்கிப்போகும். அது இல்லாததால்தான் ஐந்து வாத்தியமும் ஒரு சிறு அறையில் நண்பர்கள் பேசிக்கொள்வதுபோல் ஒன்றையொன்று கேட்டுப் பேச முடிந்தது.

1937 நவம்பரில் பதிவான 'மைனர் ஸ்விங்' என்ற உருப்படியைத்தான் நாங்கள் அன்று இருட்டில் கேட்டோம். 16 ஆவர்த்தனச் சக்கரம் அது. ஜாங்கோவும் கிராப்பெல்லியும் சேர்ந்து அமைத்தது.

நண்பர்களுக்குள் உரசலும் இருந்தது. கிராப்பெல்லி நேரம் தவறாதவர். ஜாங்கோவோ மீன் பிடிக்கவோ பில்லியர்ட்ஸ் ஆடவோ போனால் கச்சேரியை மறந்துவிடுவார். கையில் வந்த பணம் சூதாட்டத்தில் போகும். அவருக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர் கிராப்பெல்லிதான். ஜோசப்பின் நிலை இன்னும் சங்கடமானது. நல்ல வித்துவானாயிருந்தும் அண்ணனின் பின்னால் உட்கார்ந்து தாளம் கொடுத்துக்கொண்டே இருந்தார். அண்ணனுடைய கிதாரைச் சுமந்தவரும் அவரே என்பர். இதை மறைத்து எழுதினால் வாழ்க்கை வரலாறு ஆகாது, துதிப்பாட்டு ஆகிவிடும்.

மேகங்கள்

1939 செப்டம்பரில் போர் மூண்டபோது குழு லண்டனில் இருந்தது. ஜாங்கோ உடனே பாரிஸுக்குத் திரும்பிவிட்டார். நோயுற்றிருந்த கிராப்பெல்லி லண்டனிலேயே தங்கிவிட்டார். அடுத்த ஆறாண்டுகள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

1940 ஜூனில் ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்தனர். ஜாங்கோ பிடிலுக்குப் பதில் கிளாரினெட்டைச் சேர்த்துப் புதுக்குழு அமைத்தார். அவ்வாண்டில் அவர் பதிவு செய்த 'நுவாழ்' என்ற உருப்படி, அதாவது 'மேகங்கள்', பிரெஞ்சு மக்களின் மனத்தில் தங்கிவிட்டது. சொற்கள் இல்லாத மெட்டு. அடிமைப்பட்ட ஊருக்கு அது போதுமாயிருந்தது. ஜெர்மனியில் நாஜிகள் இழிவென்று தள்ளிய சங்கீதத்தை, பாரிஸில் ஜெர்மன் அதிகாரிகளே முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள். ஜாங்கோவின் புகழும் வரும்படியும் அந்த ஆண்டுகளில்தான் உச்சிக்குப் போயின.

அதே ஆண்டுகளில் அவருடைய மக்களுக்கு என்ன நடந்தது? 1940 ஏப்ரலில், ஜெர்மானியர் வருவதற்கு முன்பே, நாடோடிகள் இடம்விட்டு இடம் நகரக்கூடாது என்று பிரெஞ்சு அரசு ஆணையிட்டது. பின்னர் ஆயிரக்கணக்கான குடும்பத்தினர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களைக் கண்டுபிடிப்பது அரிதாயிருக்கவில்லை. விரல்களை அளந்து எழுதிய ஏடுகள் முப்பதாண்டுகளாகத் தயாராக இருந்தன அல்லவா? ஜாங்கோ பிறந்த பெல்ஜியத்தில் மெகெலென் முகாமிலிருந்து 1944 ஜனவரி 15 அன்று 351 ரோமா மக்களை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குப் போயிற்று. திரும்பியவர் மிகச் சிலர். ஐரோப்பா முழுவதிலும் கொல்லப்பட்ட ரோமா மக்கள் இரண்டு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுகின்றனர்.

1943இல் ஜாங்கோவும் ஆபத்தை உணர்ந்தார். கருவுற்றிருந்த இரண்டாம் மனைவி நாகினுடன் ஜெனீவா ஏரிக்கரைக்குப் போய் ஸ்விட்சர்லாந்துக்குத் தப்ப முயன்றார். பிடிபட்டார். அவரை விசாரிக்க வந்த ஜெர்மன் அதிகாரி அவர் யார் என்று அறிந்ததும் மகிழ்ந்தார். அவர் ஜாஸ் ரசிகராம்! விட்டுவிட்டார். ஜாங்கோ இரவில் கால்நடையாக மறுபடி முயன்றார். இம்முறை ஸ்விஸ் எல்லைக் காவலரே திருப்பி அனுப்பினர். பாரிஸுக்கு மீண்டு, போர் முடியும்வரை வாசித்துக்கொண்டே காலம் கழித்தார். 1944 ஜூனில் மகன் பாபிக் பிறந்தான்.

மனத்தை உறுத்தியது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இந்த இடந்தான். அந்த அதிகாரி இசைத்தட்டுக் கேட்டிராதவராயிருந்தால்? அந்த ரயிலில் ஏற்றப்பட்ட 351 பேரில் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவரும் கூடை முடைந்தவரும் குழந்தைகளும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பேர் எந்த இசைத்தட்டிலும் அச்சாகவில்லை. விடாமுயற்சி ஜாங்கோவின் கையை மீட்டது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் உயிரை மீட்டது அவருடைய புகழ். ஒரு மனிதன் உயிரோடிருக்க மேதையாக இருந்தாக வேண்டும் என்ற நிலை வந்தால், அந்தக் காலம் வெட்கப்பட வேண்டிய காலம். ஜாங்கோ எதிரிகளின் முன் வாசித்தாரே என்று இன்று சாய்வு நாற்காலியிலிருந்து குற்றம் சொல்வாரும் உண்டு. அவருக்கு இருந்த வழிகளை எண்ணிப் பார்த்தேன். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போர் 1945இல் முடிந்தது. பிரெஞ்சு முகாம்களிலிருந்து கடைசிக் குடும்பங்கள் விடுவிக்கப்பட்டது 1946இல். அந்தக் குற்றத்தில் பிரான்சுக்கும் பொறுப்பு உண்டு என்று அந்நாட்டுத் தலைவர் ஒருவர் ஒப்புக்கொள்ள 2016 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆற்றங்கரையில்

1946 தொடக்கத்தில் ஜாங்கோவும் கிராப்பெல்லியும் லண்டனில் மீண்டும் சந்தித்தனர். பேச்சு எழவில்லை, வாத்தியங்களை எடுத்துப் பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசித்தனர் என்பர். அதை இசைத்தட்டிலும் பதிந்தார்கள்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டியூக் எல்லிங்டன் அவரை அழைத்துக்கொண்டு பல நகரங்களில் கச்சேரி செய்தார். தம் பெயருக்காக அங்குள்ள கம்பெனிகள் போட்டியிட்டுக் கிதார் தருவார்கள் என்று நம்பி ஜாங்கோ வெறுங்கையோடு புறப்பட்டார். யாரும் தரவில்லை. நியூயார்க் கார்னகி மண்டபத்தில் முதல்நாள் நன்றாக நடந்தது. மறுநாள் பழைய நண்பரான குத்துச்சண்டை வீரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு மேடைக்குத் தாமதமாக வந்தார். எண்ணிப்போன புகழ் கைகூடாமல் ஊர் திரும்பினார். காலமும் மாறிவிட்டது. இளைஞர்கள் புதிய ஜாஸை நாடினார்கள். ஜாங்கோவும் மின்சாரக் கிதாரில் அந்தப் புதுமுறையைக் கற்று வாசித்தார். ஆனால் சில காலம் கிதாரைத் தொடாமலும் இருந்தார்.

1951இல் சேன் ஆற்றங்கரையில் சமுவா என்னும் சிற்றூரில் குடியேறினார். மீன் பிடித்தார், படம் வரைந்தார், பாரிஸுக்குப் போய் இளைஞர்களோடு வாசித்தார். 1953 ஏப்ரல் 8 அன்று கடைசி இசைப்பதிவு. மே 16 அன்று, ரயிலிலிருந்து இறங்கி வீடு வந்தவர், மூளையில் இரத்தம் கசிந்து சாய்ந்தார். வயது 43.

அவருடைய கிதார்களில் ஒன்று, 503 என்று எண்ணிட்டது, இன்று பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தம்பி ஜோசப் 1982இல் மறைந்து, சமுவாவில் அண்ணனின் கல்லறையிலேயே இடம்பெற்றார். கிராப்பெல்லி 1997வரை வாழ்ந்து பிடிலை விடாமல் வாசித்தார். 1984இல் அவரோடு சேர்ந்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டவர் நம் எல். சுப்பிரமணியம். கர்நாடக மனோதர்மமும் கிளாரிட்ஜ் ஹோட்டல் திரைக்குப் பின் பிறந்த மனோதர்மமும் அதில் சந்தித்தன.

இதையெல்லாம் படித்த பிறகு ஒருநாள் மாலை ஷில்லாங் நண்பரின் அறைக்குப் போனேன். பின்கிதார் வாசிக்கச் சொல்லித் தரும்படி கேட்டேன். மூன்று சுரக்கூட்டுகளைக் காட்டிக் கொடுத்தார். நான் இறைக்க, அவர் மேலே வாசித்தார். ஐந்து நிமிஷத்தில் என் மணிக்கட்டு வலித்தது. தாளம் ஓடிற்று, பிறகு தேய்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே நிறுத்தினார். ஜோசப் ஆண்டுக்கணக்கில் செய்த வேலை எத்தகையது என்று அப்போது தெரிந்தது.

நண்பர்களே, அந்த இசைத்தட்டைக் கிடைக்கும்போது கேளுங்கள். முதல்முறை கேட்கும்போது ஜாங்கோவைக் கேளுங்கள். அவரை விட்டு வேறெதையும் கேட்க உங்களாலும் முடியாது. இரண்டாம் முறை, அவருக்குப் பின்னால் ஓயாமல் இறைத்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு கிதார்களை மட்டும் கேளுங்கள். நான் இப்போதெல்லாம் அப்படித்தான் கேட்கிறேன்.